கடனை அடைத்தோம், தொழிலை அமைத்தோமா?
பெண்கள் இலக்கு வைத்து உழைத்த வரலாறு



நம் குழுக்களின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும். இன்ன உறுப்பினருக்கு இவ்வளவு உள்கடன். காரணம்: மாடு வாங்க, தையல் மெஷின் வாங்க, பெட்டிக்கடை வைக்க. அடுத்தடுத்த பக்கங்களில் தவணை வரவு. கடைசியில் "கடன் முழுவதும் அடைந்தது" என்று ஒரு வரி. அடுத்த கூட்டத்தில் அதே பெயரில் இன்னொரு கடன் தொடங்கும்.

இந்தப் புத்தகத்தில் ஒரு விஷயம் மட்டும் இருக்காது. அந்த மாடு என்ன ஆச்சு? தையல் மெஷின் ஓடுதா, இல்லை மூலையில் துணி மூடிக் கிடக்குதா? பெட்டிக்கடை நடக்குதா? இதை எழுத நம் புத்தகத்தில் பத்தியே கிடையாது.

கடன் வாங்கிப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுவதும், கூரை மாற்றுவதும், ஆஸ்பத்திரிச் செலவு பார்ப்பதும் தப்பே இல்லை. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்காமல் மானத்தோடு அந்தச் செலவைச் செய்ய முடிந்ததே குழுவால்தான். ஆனால் தவணையை ஒரு நாள் தவறாமல் கட்டுகிற நாம், "இந்தத் தொழில் இன்னும் ரெண்டு வருஷத்துல எங்க நிக்கணும்?" என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா? கேட்டால் பலரும் சொல்கிற பதில், "நமக்கெல்லாம் எதுக்கும்மா இலக்கு? பொழப்பு ஓடினா போதாதா?"

நம்மைப் போலவே பொழப்பு ஓடினால் போதும் என்று கிளம்பிய பெண்கள்தான் இந்த நாட்டில் பெரிய பெரிய காரியங்களைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி இலக்கு வைத்தார்கள், எங்கே சறுக்கினார்கள், எப்படி எழுந்தார்கள் என்ற வரலாற்றை இந்த மலரில் பதிவு செய்வது நமக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மும்பை, 1959: மொட்டை மாடியில் ஏழு பேர்

நம்ம ஊரில் குழு என்ற பேச்சு வருவதற்கு முப்பது வருஷம் முன்னால் நடந்தது இது. மும்பையில் கிர்காம் பகுதியில் ஒரு குடியிருப்பு. அங்கே இருந்த ஏழு குஜராத்திப் பெண்கள் அதிகம் படித்தவர்கள் இல்லை. வீட்டு வேலை முடிந்த பிறகு கையில் நேரம் இருந்தது. நன்றாகத் தெரிந்த ஒரு வேலையும் இருந்தது: அப்பளம் இடுவது. 1959 மார்ச் 15ஆம் தேதி அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் உருட்டத் தொடங்கினார்கள். முதல் நாள் உற்பத்தி நாலே நாலு பாக்கெட். முதலீடு 80 ரூபாய், அதுவும் கடன். சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூகத் தொண்டர் கொடுத்தது.

அந்த ஏழு பேரில் ஒருவர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அன்று அவர்கள் தொடங்கியதுதான் இன்று கடைகளில் நாம் பார்க்கும் லிஜ்ஜத் அப்பளம். இன்றைக்கு ஏறக்குறைய 45,000 பெண்கள் அதில் வேலை செய்கிறார்கள்.

இந்தக் கதையை மேடையில் பலர் சொல்லிக் கேட்டிருப்போம். 80 ரூபாயில் தொடங்கிக் கோடிகளைத் தொட்டார்கள் என்பதோடு முடித்துவிடுவார்கள். நடுவில் நடந்ததுதான் நமக்கு வேண்டிய பாடம்.

முதல் நாளே அவர்கள் கோடி ரூபாய்க்கு இலக்கு வைக்கவில்லை. வைத்தது வேறு மாதிரியான இலக்கு. நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று முடிவு செய்தார்கள். இந்த ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. நன்கொடை வாங்கக் கூடாது என்றால் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்றால் சரக்கு விற்றாக வேண்டும். விற்க வேண்டும் என்றால் தரம் வேண்டும்.

தரத்தில் அவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு சபலம் இருந்தது. நல்ல தரத்தில் ஒன்று, விலை குறைவாக விற்கக் கொஞ்சம் மட்டமாக ஒன்று என்று இரண்டு வகை அப்பளம் போட்டார்கள். கடன் கொடுத்த பரேக், ஒரே தரத்தில் செய்யுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள், தொழிலைத் தொழிலாக நடத்திக் கணக்கை ஒழுங்காக வையுங்கள் என்று அறிவுரை சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு நம் பொருள்களைக் கண்காட்சியில் வைக்கும்போது, "போன தடவை வாங்கினது நல்லா இருந்துச்சு, இந்தத் தடவை அப்படி இல்லையே" என்று யாராவது சொன்னால் அந்த அறிவுரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தது மழை. மும்பை மழை நமக்குத் தெரிந்ததுதான். மொட்டை மாடியில் காயப்போட வழியில்லை. முதல் வருஷம் நாலு மாதம் தொழில் நின்றே போனது. நம்மில் பலருக்கு இங்கேதான் தொழில் முடிந்துபோகும். "மழைக்காலத்துல ஓடாதுங்க" என்று சொல்லி விட்டுவிடுவோம். அவர்கள் இரண்டாம் வருஷம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்தார்கள். மழையிலும் அப்பளம் காய்ந்தது. அந்த வருஷத்தின் இலக்கு இவ்வளவுதான்: மழை நாலு மாதமும் தொழில் நிற்கக் கூடாது.

மூன்றாவது வருஷம் முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். மாடியில் உட்கார இடமில்லை. இடம் தேடி அலையாமல், பிசைந்த மாவை ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பி, உருட்டிக் காயவைத்த அப்பளத்தைத் திரும்ப வாங்கி எடைபோட்டுப் பாக்கெட் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கதவு திறந்தது இந்த முறையால்தான்.

தோல்வியும் உண்டு. 1961இல் மும்பையின் மலாட் பகுதியில் ஒரு கிளை தொடங்கிப் பார்த்தார்கள். அது சரிப்படவில்லை. அதனால் தாய்க்கிளையை மூடிவிடவில்லை. அடுத்த வருஷம்தான் லிஜ்ஜத் என்ற பெயரே வைத்தார்கள். முதல் வருஷம் 6,196 ரூபாயாக இருந்த விற்பனை, 1962-63இல் 1,82,000 ரூபாயாக உயர்ந்திருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே அப்பளம் இடுகிற பெண் கூலிக்காரி இல்லை, உறுப்பினர், பங்காளி. லாபமானாலும் நஷ்டமானாலும் அவளுக்கும் பங்கு. ஒருவருக்கொருவர் சகோதரி என்றுதான் பெயர். ஒரே அப்பளத்தைக் கூலிக்கு இடுவதற்கும் சொந்தமாக இடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அகமதாபாத், 1974: ஒரு இரவில் கற்ற கையெழுத்து

லிஜ்ஜத் பெண்களுக்கு ஒரே தொழில். ஒரே மாடி. ஆளுக்கொரு தொழில் செய்கிற பெண்கள் என்ன செய்வது? அதற்குப் பதில் குஜராத்தின் அகமதாபாத்தில் கிடைத்தது.

துணி மில்கள் நிறைந்த ஊர் அது. மில்லுக்கு வெளியே ஆயிரக்கணக்கான பெண்கள் தலைச்சுமை தூக்கினார்கள், வண்டி இழுத்தார்கள், பழைய துணி வாங்கி விற்றார்கள், காய்கறிக் கூடை சுமந்தார்கள். நாள் முழுக்க உழைத்தாலும் அவர்களுக்குத் தொழிலாளி என்ற பெயர் கிடையாது. எலா பட் என்ற வழக்கறிஞர் அவர்களைத் திரட்டினார். 1972இல் சேவா என்ற சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறை தயங்கியது. உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்பது அவர்கள் கேள்வி. முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டும்தானா சங்கம், உழைக்கிறவர்கள் ஒன்றுசேரவும்தானே என்று வாதாடிப் பதிவு வாங்கினார்கள்.

சங்கம் வந்தது. ஆனால் வருமானம் கையில் தங்கவில்லை. ஏன் என்று ஒவ்வொருவரின் நாள் கணக்கையும் பார்த்தால் காரணம் ஒன்றுதான். காலையில் சரக்கு எடுக்க வட்டிக்குப் பணம், சாயங்காலம் அதை வட்டியோடு திருப்பிக் கொடுப்பது. இழுக்கிற வண்டிக்கும் வாடகை. எவ்வளவு அதிகம் உழைத்தாலும் லாபம் வட்டிக்கும் வாடகைக்கும் போய்விடுகிறது. அரசு வங்கிகளில் முயற்சி செய்தார்கள். அழுக்குச் சேலையோடும் இடுப்பில் குழந்தையோடும் வருகிற பெண்ணை அங்கே மதிக்க ஆளில்லை. வங்கி திறந்திருக்கும் நேரம் வியாபார நேரம் வேறு.

அதனால் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு வங்கி என்று இலக்கு வைத்தார்கள். 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டார்கள். பதிவு செய்யப் போன இடத்தில் இன்னொரு தடை. கையெழுத்தே போடத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்றார்கள். பொறுப்பேற்க முன்வந்த பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். 1974இல் சேவா வங்கி பிறந்தது. எழுதத் தெரியாத உறுப்பினர்களை எப்படி அடையாளம் காண்பது? கணக்கு எண்ணை எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண்ணைப் படம் எடுத்து ஆவணத்தில் ஒட்டினார்கள்.

இந்த வரலாற்றில் நமக்குள்ள பாடம் இது: தொழில் வளரவில்லை என்றால் உடனே "இன்னும் கடன் வேணும்" என்றோ "இன்னும் கூட உழைக்கணும்" என்றோ முடிவு செய்யக் கூடாது. நம் லாபம் எந்த ஓட்டை வழியாக வெளியே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களுக்கு ஓட்டை வட்டியில் இருந்தது. அதை அடைப்பதையே இலக்காக வைத்தார்கள். நமக்கு அது பால் எடுக்கிறவர் போடும் அளவில் இருக்கலாம், சரக்கு வண்டி வாடகையில் இருக்கலாம், கடனுக்குச் சேலை வாங்கிப்போய்ப் பணம் தராத வாடிக்கையாளரிடம் இருக்கலாம்.

தர்மபுரி, 1989: நாம் பிறந்த இடம்

இப்போது நம்ம வீட்டுக்கே வருவோம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 1989இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் அமைக்கும் திட்டம் வந்தது. அங்கிருந்து மற்ற மாவட்டங்களுக்குப் பரவி, 1997-98இல் மாநில அரசின் மகளிர் திட்டமாக விரிந்தது. இன்றைக்கு நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூட்டமைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1992இல் இன்னொரு பெரிய மாற்றம். நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்தது. அதற்கு முன்னால் வங்கிக் கடன் என்றால் பத்திரம் வேண்டும், நகை வேண்டும், ஜாமீன் வேண்டும். நிலமும் வீடும் ஆண்கள் பெயரில் இருக்கும்போது பெண் எதை அடமானம் வைப்பாள்? இந்த முறையில் நம் சேமிப்பும் ஒழுங்கான கணக்குப் புத்தகமும்தான் ஜாமீன். வாரம் தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு என்ற ஐந்தையும் பயிற்சியில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்களே, அதன் பின்னால் இருந்த காரணம் இது. ஒழுங்கு என்பதே நமக்குச் சொத்தானது.

ஆரம்பக் குழுக்களின் இலக்கு தெளிவாக இருந்தது. கந்துவட்டியிலிருந்து விடுபட வேண்டும். பேங்க் படியேற வேண்டும். சொந்தப் பெயரில் கணக்கு வேண்டும். கைநாட்டு போய்க் கையெழுத்து வர வேண்டும். இந்த இலக்குகளில் நம் அம்மா, பெரியம்மா தலைமுறை பெரும் வெற்றி கண்டது. 1996இல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கூட்டத்தில் பேசிப் பழகிய பெண்கள் அதன் பிறகு வந்த தேர்தல்களில் வேட்பாளராக நிற்கவும் துணிந்தார்கள்.

அந்த இலக்கு நிறைவேறிய பிறகு அடுத்த இலக்கை நாம் எழுதிக்கொள்ளவில்லை. கடன் கிடைப்பதே ஒரு காலத்தில் வெற்றியாக இருந்தது. இன்றைக்குக் கடன் தர வாசலுக்கே ஆள் வருகிறது. கடன் கிடைப்பதை இன்னமும் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தால், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்ற சுழலில் விழுவோம். கந்துவட்டியை எதிர்த்துப் பிறந்த நாம் வேறு வழியில் அதே இடத்துக்குப் போய்விடக் கூடாது.

புதுக்கோட்டை, 1991-92: சைக்கிளும் கல்குவாரியும்

கடனுக்கு அப்பால் என்ன இலக்கு வைக்கலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு சேர்த்து ஒரு காரியம் செய்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

பொம்பளைப் பிள்ளை சைக்கிள் ஓட்டுவதா என்று பேசினார்கள். தெருவில் நின்று நக்கல் அடித்தார்கள். அசிங்கமாகவும் பேசினார்கள். பெண்கள் விடவில்லை. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடிகட்டிப் புதுக்கோட்டை நகரத்தையே வலம் வந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குள் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் நடந்த போட்டிகளில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பெண்கள் சைக்கிளுக்குக் கடையில் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதிலும் ஒரு வசதியைக் கண்டார்கள்.

சைக்கிளுக்கும் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பூவோ காயோ விற்கப் போகிற பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வேறு பஸ் மாறி, அதே மாதிரி திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் அப்பாவோ அண்ணனோ வீட்டுக்காரரோ கொண்டுவிட வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பாதி வியாபாரத்தில் ஓடி வர வேண்டும். சைக்கிள் வந்ததும் பஸ் நேரம் மிச்சம், பஸ் காசு மிச்சம், இன்னும் இரண்டு கிராமம் கூடுதலாகச் சுற்றலாம். தண்ணீர் எடுக்கிற நேரமும் குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, போக வேண்டும் என்று நினைத்தால் யாரையும் கேட்காமல் போகலாம்.

அதே காலத்தில் அந்த மாவட்டத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள், கொத்தடிமையாக இருந்தவர்கள்கூட, குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். சுத்தியல் அதே சுத்தியல். கல் அதே கல். வெயிலும் அதே வெயில். ஆனால் உடைத்த கல்லுக்கு விலை பேசுகிறவர் மாறிவிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் லோடு கணக்கை ஏமாற்ற முடியவில்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்ததால் குவாரிக்கும் ஊருக்கும் அலைய முடிந்தது. எழுத்தும் சைக்கிளும் குத்தகையும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்தன.

நாலு ஊர் சொல்வது ஒன்றே

மும்பை, அகமதாபாத், தர்மபுரி, புதுக்கோட்டை. ஊர் வேறு, தொழில் வேறு. ஆனால் எங்கேயும் பெண்கள் "நிறைய சம்பாதிக்கணும்" என்று மட்டும் இலக்கு வைக்கவில்லை. தங்கள் கையில் இல்லாத ஒன்றைத் தங்கள் கைக்குக் கொண்டுவருவதையே இலக்காக வைத்தார்கள். ஒரு இடத்தில் தரமும் கணக்கும், ஒரு இடத்தில் வங்கி, ஒரு இடத்தில் சேமிப்பு, ஒரு இடத்தில் சைக்கிளும் குத்தகையும். பணம் பின்னால் வந்தது. மன நிறைவும் அங்கேதான் பிறந்தது. வேலை கடினமாக இருந்தாலும், இது என் முடிவு, என் கணக்கு, என் பெயர் என்று சொல்ல முடிந்தால் மனசு அலுக்காது.

நம் புத்தகத்தில் எழுத வேண்டியவை

இனி நாம் என்ன செய்யலாம்? ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு அக்கா இட்லி மாவு வியாபாரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 35 ரூபாய் செலவு. விலை 50 ரூபாய். கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கிறது. தினம் 10 கிலோ, மாதம் 25 நாள் என்றால் 3,750 ரூபாய். அதில் கிரைண்டர் கடன் தவணை 2,000 போனால் மிச்சம் 1,750. இதற்காக அவர் தினம் நாலு மணி நேரம் உழைக்கிறார், மாதம் 100 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 17 ரூபாய் 50 காசு. இந்தக் கணக்கைப் போடாமல் "ஏதோ ஓடுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு நாள் அலுத்துப்போய் விட்டுவிடுவார்.

கணக்கைப் போட்டுவிட்டால் கேள்வி மாறும். அதே கிரைண்டரில் 15 கிலோ அரைக்க முடியுமா? முடிந்தால் லாபம் 5,625, தவணை போக 3,625. நேரம் ஐந்து மணி ஆகும் என்றாலும், மணிக்கு 29 ரூபாய் கிடைக்கிறது. கடன் அடைந்த பிறகு 45 ரூபாய். இப்போது அவருடைய இலக்கு "மாவு வியாபாரம்" இல்லை. "தீபாவளிக்குள் தினம் 10 கிலோவிலிருந்து 15 கிலோ. அதற்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு மளிகைக் கடையில் பேச வேண்டும்." இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம். மூன்று மாதம் கழித்துக் கேட்கவும் செய்யலாம். உங்கள் ஊர் விலையைப் போட்டு உங்கள் தொழிலுக்கு இதேபோல் ஒரு கணக்கு எழுதிப் பாருங்கள்.

கணக்கு போட்ட பிறகு இந்தத் தொழில் ஆகாது என்று தெரியவும் வாய்ப்பு உண்டு. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கடன் மேல் கடன் வாங்கி இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட மூன்று மாதத்தில் தெரிவது மேல். லிஜ்ஜத் பெண்கள் மலாட் கிளையை விட்டார்கள், அப்பளத்தை விடவில்லை.

அடுத்ததாக, மனசு. எல்லோருக்கும் வியாபாரம் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஒருத்தருக்குக் கணக்கு எழுதுவது கை வந்த கலை. அவர் கூட்டமைப்பின் கணக்காளராக வரலாம். ஒருத்தர் பேசினால் கூட்டமே கேட்கும். அவர் சமுதாயப் பயிற்றுநர் ஆகலாம். ஒருத்தருக்கு மாடு என்றால் உயிர். இன்னொருத்தருக்கு மாட்டைக் கண்டாலே ஆகாது, ஆனாலும் பக்கத்து வீட்டில் வாங்கினார்கள் என்று கடன் போட்டு வாங்கிவிட்டு அவஸ்தைப்படுகிறார். கடன் மனு எழுதும்போதே, "இந்த வேலையைத் தினமும் செய்ய எனக்குப் பிடிக்குமா? என் உடம்பு தாங்குமா? வீட்டு நேரத்துக்கு ஒத்துவருமா?" என்ற மூன்று கேள்வியை உறுப்பினர் தனக்குத்தானே கேட்க வேண்டும். குழுவும் கேட்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களின் ஒத்துழைப்பையும் இலக்கில் சேர்த்து எழுதுங்கள். யார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, யார் தண்ணீர் பிடிப்பது என்பது தொழில் திட்டத்துக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை. புதுக்கோட்டையில் சைக்கிள் மிச்சப்படுத்திய நேரம்தான் பல பெண்களுக்கு முதலீடாக ஆனது.

கடைசியாக, தொழில் என் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் என் பெயரில், பணம் வேறு ஒருவர் கையில், தவணை மட்டும் என் தலையில் என்றால் அது என் தொழில் இல்லை. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் நம் குழுக்களில் இது நடக்கிறது. இதைத் தனியாக ஒரு பெண்ணால் மாற்ற முடியாமல் போகலாம். பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டால் மாறும். அதற்குத்தானே குழு?

நம் கூட்டமைப்புக்கு இந்த மலர் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வருகிற மாதம் முதல் ஒவ்வொரு குழுவின் தீர்மானப் புத்தகத்திலும் கடன் பத்திக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி கோடு போடுவோம். ஒன்றில், "இந்தத் தொழிலில் அடுத்த ஆறு மாதத்துக்கு என் இலக்கு." இன்னொன்றில், "ஆறு மாதம் கழித்து எங்கே நிற்கிறேன்." எழுதத் தயங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். கையெழுத்து மட்டும் அவரவர் போடட்டும்.

அடுத்த மலர் எழுதுகிறவர்கள் நம் குழுக்களின் வரலாற்றைத் தேடி எங்கேயும் அலைய வேண்டாம். அந்த இரண்டு பத்தியைப் புரட்டினால் போதும்.